விசிலக்காவின் இடது முழங்கால்

அவள் விசில் ஊதினால் கல்லூரிக் கூரையில் இருக்கும் புறாக்கள் பறந்து போவதில்லை; செத்ததுபோல் படுத்துக்கொள்ளும். நான் கண்ணால் பார்த்தது. இதில் பாதியை நம்பினால் போதும், மறுபாதியை நானே நம்புவதில்லை.

என் தம்பி மனைவி அவள். ஒரு கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எதிரில் நின்றால் மேடம், முதுகு திரும்பினால் விசிலக்கா. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பாள்.

என் தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஊரில் பாதி லிஃப்ட் அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. அவன் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. நாற்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு படியையும் அவளுடைய இடது முழங்கால் தனித்தனியாக அடையாளம் சொல்லும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்று சாய்ந்தபோது ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். கம்பம் நின்றுவிட்டது, முழங்கால் போய்விட்டது. அதிலிருந்து அவள் படியேறும்போது வரும் கறக் முறக்கில் முதல் மாடிப் பூனை இரண்டு தடவை வீடு மாறியது. மழை வருவதை அந்த முழங்கால் மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிடும்.

"பேரிங் போயிடுச்சும்மா. சத்தத்தை வச்சே சொல்றேன்" என்பான் தம்பி.

"நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்டா இருந்தா இந்நேரம் 'பழுது'ன்னு போர்டு மாட்டியிருப்பேன்."

அந்தப் போர்டுதான் அவளுக்குப் பயம். முழங்கால் சங்கதி வீட்டு வாசலைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. கூடத்தில் சோதனை எடுப்பவர் எல்லா அசைவையும் தானே செய்து காட்டும் தகுதியோடு இருக்க வேண்டும் என்று விதி. தகுதி போனால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாமான் அறைக்குப் போக வேண்டும். ஜன்னலில்லாத அறை அது. பந்துக்குக் காற்றடித்து, பாயைத் தட்டி, சாவிக்கொத்தைக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவளுக்கு ஓய்வு வர இன்னும் நாலு வருஷம் இருந்தது.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 'உடல்சார் எழுத்தறிவு மதிப்பீடு' செய்யவேண்டுமாம். எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல, பதினெட்டு, பத்தொன்பது வயசில் ஓடவும் குதிக்கவும் விழாமல் நிற்கவும் தெரிகிறதா, தெரிந்ததை நம்பிச் செய்கிறார்களா என்று பார்ப்பது. ஓடித் திரும்ப வேண்டும். ஒற்றைக்காலில் தத்த வேண்டும். பலகைமேல் பின்பக்கமாக நடக்க வேண்டும். பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். கடைசியாக, முழங்கால் உயர மரப்பெட்டியிலிருந்து குதித்து இறங்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால் முழு மதிப்பெண், நாலு. பிள்ளைகள் இதற்கு 'குதி டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கூடவே ஒரு தாள் வேறு. 'என் உடம்பின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு' என்ற வரிக்கு எதிரே ஒருவன், 'எனக்கு உண்டு, அதற்கு என் மேல் இல்லை' என்று எழுதிவைத்தான். சோதனை நடந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சோதனைக்கு ஒரு முறை இருந்தது. எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லித்தரக் கூடாது. பத்துப் பேரை இரண்டு வரிசையாக நிற்க வைத்து, ஒரே ஒரு தடவை செய்து காட்டி, "இந்த மாதிரி செய்யுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலாண்டில் அறுநூற்று நாற்பது பேர். பத்துப் பேராக நிறுத்தினால் அறுபத்து நாலு தடவை. அறுபத்து நாலு தடவை அவள் அந்தப் பெட்டிமேல் ஏறினாள். அறுபத்து நாலு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். சாயங்காலம் வீட்டுப் படியில், பதினாறாவது படியில் கொஞ்ச நேரம், முப்பத்திரண்டாவது படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுக்காரி, "என்ன அக்கா, காத்து வாங்குறீங்களா?" என்று கேட்பாள். "ஆமாம்மா, இந்தப் படியிலதான் நல்லா வருது" என்பாள் இவள்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. பெட்டிக்குப் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று, குனிந்த தலை நிமிராமல் பாதத்தை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள். வலது கால் முதலில், இடது கால் அப்புறம். தொப், தொப். ஒரு மதிப்பெண். அடுத்தது. தொப், தொப். அதற்கும் ஒன்று. எவ்வளவு பேர்! உட்கார்ந்து உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளைகள், இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: உள்ளுக்குள் அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நாற்பதிலும் ஐம்பதிலும் வர வேண்டியது பத்தொன்பதிலேயே வந்திருக்கிறது, நான் மட்டும் இல்லை என்று.

முடிவைக் கூட்டிப் பார்த்தவர் புள்ளியியல் வாத்தியார். அவர் தலையில் முடியைவிடத் தசமப் புள்ளிகள் அதிகம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இறங்குவதில் ஒரே குறை, அதுவும் ஒரே காலில் என்று கண்டதும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. 'இளையோரின் இடது கால் தயக்கம்' என்று முப்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை. பையை ஒரு தோளில் மாட்டுவதால் என்று ஒரு காரணம். செல்போனை ஒரே கையில் பிடிப்பதால் என்று இன்னொன்று. கல்லூரி மாடிப்படி ஒரே பக்கமாக வளைந்து போவதால் என்று எழுதியதைத்தான் அவரே ரொம்ப ரசித்தார். ஒரு நாள் முழுக்க அந்தப் படியிலேயே ஏறி இறங்கி அளந்தார். முடிவில் அவருக்கே கால் கொஞ்சம் தயங்கியது.

துறைத்தலைவர் ஒருகாலத்தில் பளு தூக்கியவர். இப்போது அவர் தூக்குவது ஃபைல் மட்டும், அதையும் இரண்டு கையால். அவர் அவளைக் கூப்பிட்டார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் திருத்த வகுப்பு போடணும். காலையில ஆறு மணிக்கு. நாப்பது நாப்பது பேரா. ஆறு மாசம்."

"யார் சார் எடுக்கறது?"

"என்ன கேள்வி இது? உங்களைத் தவிர யார் இருக்கா இங்க?"

ஆறு மணிக்கு வகுப்பு என்றால் அவள் நாலரைக்கு எழ வேண்டும். தினமும் பெட்டிமேல் ஏறி இறங்க வேண்டும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

திருத்த வகுப்புக்கான பெயர்ப் பட்டியலை ஒட்டிய மறுநாள் மதியம், பாயை அடுக்க அவள் சாமான் அறைக்குப் போயிருந்தபோது ஒரு பெண் வந்து கதவடியில் நின்றாள். நெடுநெடுவென்று உயரம். வகுப்பில் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கோபப்படாமல், "எங்க ஒட்டடை?" என்று கேட்கிற ரகம்.

"மேடம், என் பேரை லிஸ்ட்ல இருந்து எடுக்கணும்."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. தூக்கம் கெடும்னா?"

"நான் அஞ்சு மணிக்கே பேக்கரியில இருப்பேன் மேடம். எட்டு மணி வரைக்கும் வண்டியில போய்க் கடைகடையா ரொட்டித் தட்டு இறக்கணும். ஆறு மணிக்கு இங்க வந்தா அந்த வேலை போயிடும். வேலை போனா படிப்பும் போயிடும்."

"அதுக்கு நான் என்ன செய்யறது? உன் கால் சரியா இறங்கல. நான்தான் பார்த்தேன்."

ஒட்டடைக்குச்சி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு பழைய மேஜை கிடந்தது. இடுப்பு உயரம். பக்கத்திலிருந்த மூன்று பாயைச் சுருட்டித் தலைக்கு மேல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேஜைமேல் ஏறினாள். ஏறிய சூட்டோடு குதித்தாள். ஒரே ஒரு தொப். பாய் அசையவில்லை. முழங்கால் இரண்டும் வில் மாதிரி மடங்கி நிமிர்ந்தன.

"தட்டோட வண்டியில இருந்து இப்படித்தான் மேடம் இறங்குவேன். ஒரு ரொட்டி கீழ விழுந்தா முதலாளி என்னையும் சேர்த்துக் கீழ போட்டுடுவாரு."

"அப்ப அன்னைக்கு ஏன்டி நொண்டின?"

"நான் எங்க நொண்டினேன்? நீங்க செஞ்ச மாதிரிதான செய்யச் சொன்னீங்க. வலது கால முதல்ல வச்சீங்க, வச்சேன். இடது தொடைய ஒரு பிடி பிடிச்சீங்க, பிடிச்சேன். நான் முன்வரிசை மேடம், நல்லா கவனிச்சேன். பின்னாடி நின்னு பேசிட்டிருந்ததுங்க எல்லாம் பாஸ்."

அடுக்க எடுத்த பாயை விசிலக்கா கீழே வைத்தாள்.

"தொடையப் பிடிச்சேனா?"

"ஒவ்வொரு தடவையும். அதுக்கும் மார்க் இருக்கும்னு நினைச்சோம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் காலிலும் இருந்தது அவளுடைய முழங்கால். முப்பது பக்கக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான். இதை வெளியே சொன்னால் இதே ஜன்னலில்லாத அறை. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு வேலை போகும்.

களைத்துப்போனவர்கள் பெரிய வழியைத் தேடுவதில்லை. பக்கத்தில் இருக்கிற வழி எதுவோ அதில் இறங்கிவிடுவார்கள். அவளும் மதிப்பெண் அட்டையை எடுத்தாள். ஒன்றை நாலாக்கினாள்.

"உன் பேர் இருக்காது, போ. யாருகிட்டயும் எதுவும் சொல்லாத."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!" என்று நாலே எட்டில் கூடத்தைத் தாண்டிப் போனாள் ஒட்டடைக்குச்சி.

மறுநாள் காலை அவள் மேஜைமேல் காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டி இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தம்பி மூன்று துண்டு சாப்பிட்டான். அவள் எடுத்த முதல் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"என்னம்மா, நல்லாத்தான இருக்கு?"

சொல்லிவிட்டாள். முழுதும் கேட்டுவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு கட்டடத்துல நாலு லிஃப்ட் ஒரே மாதிரி குலுங்குச்சு. நாலையும் பிரிச்சுப் போட்டுட்டேன். கடைசியில பார்த்தா கோளாறு அளக்கற கருவியில. அன்னைக்கு நாலையும் திரும்ப மாட்டினேன் பாரு, அந்த மாதிரி ஒரு அலுப்பு வாழ்க்கையில பட்டதில்ல."

"என்னங்க சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாலு வருஷம் இருக்குல்ல, யோசிச்சுக்கோ." பிறகு, "மீதி ரொட்டி உனக்கு வேணாம்னா குடு" என்றான்.

அவள் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. படுத்தவள் நாலரை மணி அலாரத்துக்குத்தான் எழுந்தாள்.

முதல் திருத்த வகுப்பு. கூடத்தில் விளக்கு பாதிதான் எரிந்தது. நாற்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் நின்றபடியே தூங்கினான். பக்கத்தில் நின்றவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் முன்வரிசைப் பிள்ளைகள். நோட்டில் கோடு போட்டு எழுதுகிறவர்கள், சொன்ன பேச்சுக் கேட்கிறவர்கள். இந்த முறையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அத்தனை கண்ணும் அவள் மேலேயே இருந்தது.

அவள் பெட்டிமேல் ஏறினாள். இன்றைக்கு எப்படியாவது இரண்டு காலையும் ஒன்றாக வைத்துவிடுவது என்று மூச்சைப் பிடித்துக் குதித்தாள். முழங்காலுக்கு அவள் பேச்சு கேட்டுப் பழக்கமில்லை. தொப், தொப். கை தன்பாட்டில் தொடைக்குப் போனது.

"இந்த... மாதிரி செய்யுங்க."

நாலு நாலு பேராகப் பெட்டி ஏறினார்கள். இந்தத் தடவை அவள் பாதத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள். தொப், தொப். நாலு கை நாலு இடது தொடைக்குப் போனது. அடுத்த நாலு. தொப், தொப். ஒரு பெண் பல்லைக்கூடக் கடித்தாள். இன்னொருத்தன் இறங்கியதும் உதட்டைச் சுழித்து, "ஷ்" என்று ஒரு மூச்சு விட்டான். அந்த 'ஷ்' அவளுடையது. வீட்டில் முப்பத்திரண்டாவது படியில் அவள் விடுவது.

கூடமே அவளாக நின்று நொண்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது, அதற்கும் சோம்பலாக இருந்தது. பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். விசில் ஊதவில்லை.

"போதும், நிறுத்துங்க. எல்லாரும் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

"நீங்க யாரும் தப்பா குதிக்கல. நான்தான் தப்பா குதிச்சேன். எனக்கு இடது முழங்கால் போய் ரெண்டு வருஷம் ஆகுது. நீங்க என்னைப் பார்த்துச் செஞ்சீங்க. அவ்வளவுதான்."

நின்றுகொண்டே தூங்கியவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டான்: "அப்ப நாங்க நல்லாத்தான் இருக்கோமா மேடம்?"

"எனக்கு என்ன தெரியும்? நான் செஞ்சதை மறந்துட்டு, பஸ்ஸுக்கு ஓடும்போது படியில கடைசி ரெண்டு படியை எப்படித் தாண்டுவீங்களோ, அப்படி ஒரு தடவை குதிங்க. பார்க்கலாம்."

குதித்தார்கள். நாற்பது பேரில் முப்பத்தேழு பேருக்கு ஒரே தொப். தரை அதிர்ந்தது. கூரைப் புறாக்கள் பழக்கதோஷத்தில் படுத்துக்கொண்டன. மீதி மூன்று பேருக்கு மட்டும் நிஜமாகவே கால் முன்னும் பின்னுமாக வந்தது. அந்த மூவர் பேரையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டாள்.

எட்டரை மணிக்குத் துறைத்தலைவர் முன்னால் அட்டையை வைத்தாள். ஒன்றை நாலாக்கிய இடத்தையும் காட்டினாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"இருந்தேன் சார். ரெண்டு வருஷமா. முடியல."

"விதின்னு ஒண்ணு இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்." கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

புள்ளியியல் வாத்தியாருக்குத்தான் தாங்கவில்லை. "மூணாவது அத்தியாயம் மட்டுமாவது நிக்குமா?" என்று கேட்டார். மாடிப்படியைப் பற்றிய அத்தியாயம் அது. கேட்டுவிட்டுக் கட்டுரையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

பட்டியலைக் கிழித்தார்கள். ஒட்டடைக்குச்சி ரொட்டி வண்டியிலேயே இருக்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி சோதனை. செய்து காட்டப் புதிதாக ஓர் ஆள் வந்தான். முழங்கால் இரண்டும் பளபளவென்று புதுசு. விசில் அவன் கழுத்துக்குப் போயிற்று. அவன் ஊதினால் புறாக்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவள் சாமான் அறையில் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்தாள். எதிரில் அதே பழைய மரப்பெட்டி. அதன்மேல் இடது காலைத் தூக்கி நீட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் கால் நீட்டியது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் மறுசோதனை நடந்துகொண்டிருந்தது. தொப். தொப். தொப். ஒவ்வொன்றும் ஒற்றைச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பந்தில் பாதிதான் காற்றடித்திருந்தது, பம்பு மடியில் கிடந்தது.

திடீரென்று ஒரு தொப், தொப்.

கண்ணைத் திறக்காமலே பம்பை எடுத்துச் சுவரில் தட்டினாள்.

"தம்பி! இப்ப குதிச்ச பிள்ளைக்கு இடது கால் பின்னால வருது. அட்டையைப் பார்த்துக்கிட்டே நாலு போட்டுடாத. ஆளப் பாரு!"

அந்தப் பக்கம் பேனா நின்றது.

"சரிக்கா" என்றது புதுக் குரல். பிறகு, "எப்படிக்கா தெரிஞ்சுது?"

அவள் பம்பைத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டாள். மறுபடி பந்துக்குக் காற்றடிக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். அன்றைக்கு விட்ட குறட்டைக்குக் கூரைப் புறாக்கள் படுத்துக்கொண்டன என்று ஒட்டடைக்குச்சி சொன்னாள். இதில் முழுசையும் நான் நம்புகிறேன்.